முப்பத்தொன்றாம் எண் ஸ்லைடு

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துபோன தடவைகளுக்குக் கணக்கில்லை. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குள் பால் பொங்குகிறது என்றோ கோயிலில் நடை சாத்திவிடுவார்கள் என்றோ ஏதாவது சாக்கு கிடைத்துவிடும். வெறும் சுழி மட்டும் போட்ட பக்கங்கள் எங்கள் வீட்டுப் பரணில் நிறையக் கிடக்கின்றன. நான் எழுதப் படித்தவனும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ததில் இருக்கிற தப்பைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை.

போன மாதம் சர்க்கரை பார்ப்பதற்காகத் தம்பானூரில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் என் மகள்தான் போனிலேயே நேரம் வாங்கித் தந்திருந்தாள். கையுறை போட்ட ஒரு பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் மோதிர விரலில் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பேடிக்கண்டா அங்கிளே, எறும்பு கடிச்ச மாதிரியே உள்ளு" என்றாள்.

பயப்பட வேண்டாம் என்கிறாள். ஊசிக்கு அழுகிற கிழவன் என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தாள். அதுவும் நல்லதுதான். காரணம் கேட்டிருந்தால் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு அன்று காலைச் சாப்பாடு கிடைத்திருக்காது.

அதே மோதிர விரலில், அதே வாசனையோடு, எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் ஊசி குத்தியிருக்கிறேன். டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஒரு ஹைஸ்கூலில் லேப் அட்டெண்டர். அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தார். அங்கே வந்துபோகும் ஒரு பெரிய மனிதரிடம் சொல்லி வாங்கித்தந்த வேலை. கரமனை அக்ரகாரத்திலிருந்து பஸ்ஸில் தம்பானூர் வந்து, இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் மலையாளிப் பிள்ளைகளும் டீச்சர்களும் என்னை ஸ்வாமி என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எது எந்தப் பாதி என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வீட்டில் ரகளை. எங்கள் வீட்டில் வெங்காயம் நுழையாது. என் வேலையோ வெங்காயத்தில்தான் ஆரம்பம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு செல் என்றால் என்ன என்று காட்ட, வெங்காயத்தின் உள்தோலைக் கண்ணாடி மாதிரி உரித்தெடுத்து, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழே வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்துவாள்.

"கை நாத்தம் இன்னும் போகலையேடா. புளி போட்டுத் தேச்சு அலம்பிண்டு வா" என்பாள்.

தெருவில் யாராவது பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால், "வெங்காயம் உரிக்கற உத்யோகம். சர்க்கார் சம்பளமாக்கும்" என்று பதில் சொல்வாள். பாதி பெருமை, பாதி வெறுப்பு. அதையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

உயிரியல் எடுத்தவர் வத்ஸலா டீச்சர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, எப்போதும் சாக்பீஸ் தூள் படிந்த விரல்கள். அவர் பாடம் எடுக்கும்போது நான் பின்னால் ஸ்லைடு துடைக்கிற சாக்கில் நின்று கேட்பேன். பரீட்சையில் என் காலை வாரிவிட்ட அதே பாடம், அவர் வாயில் கதை மாதிரி வரும். செடியின் செல்லுக்குச் சுற்றிலும் மதில் உண்டு, நமக்கு வெறும் வேலிதான் என்பார். உள்ளே இருக்கும் நியூக்ளியஸ்தான் காரணவர், வீட்டுக்கு மூத்தவர், அவர் சொன்னபடிதான் எல்லாம் நடக்கும் என்பார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரத்தத்தின் சிவப்பு அணுவுக்கு மட்டும் காரணவர் கிடையாது, மூச்சுக்காற்றைச் சுமக்க இடம் வேண்டும் என்று அவரையே வெளியே அனுப்பிவிட்ட வீடு அது என்பார். வகுப்பு சிரிக்கும். வெள்ளை அணுவுக்கு உண்டு, ஊதா நிறத்தில் தெரியும், ஆனால் அவர்கள் காவல்காரர்கள், ஆயிரம் சிவப்புக்கு நடுவே ஒன்றோ இரண்டோ நின்றால் போதும் என்பார்.

இந்த ரத்த ஸ்லைடில்தான் எனக்கு மவுசு. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, காயவைத்து, தொட்டியின் மேல் இரண்டு கண்ணாடிக் குச்சிகளைப் போட்டு அதில் ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கி, சாயம் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிஷம் வெறும் சாயம். அப்புறம் தண்ணீர் கலந்து எட்டு நிமிஷம். நேரம் தப்பினால் எல்லாம் ஊதாக் குழம்பாகிவிடும். லேப் கடிகாரம் ஓடாது. என்னிடம் வாட்சும் கிடையாது. நான் நாராயண நாமம் சொல்லி எண்ணுவேன். நூற்றெட்டு நாமம் ஒரு சுற்று, இரண்டு நிமிஷம். தண்ணீர் விட்ட பிறகு நாலு சுற்று. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. வேறு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வந்து என் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்சது?" என்று கேட்பார்கள். வத்ஸலா டீச்சர் என்னைக் காட்டி, "நம்ம ஸ்வாமிதான். ஜபம் செஞ்சு ஸ்டெயின் பண்ற ஆளாக்கும்" என்பார். பரீட்சையில் தோற்றவனுக்கு அது போதாதா? பகவானே கூட நின்று நேரம் பார்க்கிறார் என்று எனக்குள் ஓர் எண்ணம் வளர்ந்துவிட்டது. அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் செண்பகம் என்று ஒரு பெண். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பா மாடசாமி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அம்மா கட்டட வேலைக்குப் போவாள். செண்பகம் வகுப்பில் மலையாளத்தில் வெளுத்து வாங்குவாள். லேபுக்குள் வந்தால் மட்டும் என்னிடம் தமிழ் பேசுவாள். என்னைச் சாமிண்ணே என்பாள்.

"சாமிண்ணே, வெங்காயத்த நீங்க திங்க மாட்டியளாமே. பெறவு எதுக்கு இந்தப் பாடு படுத்துதீய?" என்று ஒருநாள் கேட்டாள்.

அந்த வருஷம் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தம் பார்க்கிற நாளுக்கு ஐந்து பேர் விரல் தர வேண்டும். வகுப்பில் எல்லோரும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டபோது முதலில் எழுந்து வந்தவள் அவள்தான்.

"எனக்குக் குத்துங்க சாமிண்ணே. என் ரத்தத்துல என்னதான் இருக்குன்னு பாத்துருவோம். அடிக்கடி காய்ச்ச அடிக்கி. கால்ல இடிக்காமலே நீலம் நீலமா கெடக்கு. எங்கம்மா ஒழுங்கா திங்காததுதாம்னு ஏசுதா."

"ஒண்ணும் இருக்காது. கைய நீட்டு" என்றேன்.

ஊசியை ஸ்பிரிட்டில் முக்கி, தீயில் காட்டி, குத்தினேன். மற்றப் பிள்ளைகளுக்கு ரத்தம் சட்டென்று நின்றுவிடும். அவளுக்கு நிற்கவில்லை. பஞ்சு மாற்றி மாற்றி வைத்தேன். அவளுடைய வகுப்பு எண் முப்பத்தொன்று. கண்ணாடி மேல் எழுதும் பென்சிலால் ஸ்லைடின் ஓரத்தில் அதை எழுதினேன்.

அன்று ஏகாதசி. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. காலை இடைவேளையில் லேபைச் சாத்திக்கொண்டு ஐந்து ஸ்லைடுகளையும் குச்சிகளின் மேல் அடுக்கிச் சாயம் ஊற்றி, நாமம் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றில் எங்கிருந்தோ நேந்திரங்காய் வறுக்கிற வாசனை வந்தது. கேண்டீனாக இருக்கும். என் மனசு அதன் பின்னாலேயே போய், மறுநாள் விரதம் முடிக்கிற பாரணைக்கு அம்மா என்ன சமைப்பாள் என்பதுவரை சுற்றிவிட்டுத் திரும்பியது. நாமம் எத்தனை என்பது ஒரு நொடி கையை விட்டுப் போயிற்று. சமாளித்து எண்ணி முடித்துவிட்டேன்.

டீச்சர் வருவதற்கு முன் ஒவ்வொன்றையும் நான் பார்த்துவிடுவது வழக்கம். நாலு ஸ்லைடு நன்றாக இருந்தது. சிவப்பு வட்டங்கள், நடுநடுவே ஓர் ஊதா. முப்பத்தொன்றாம் எண்ணை வைத்தேன். ஊதா, ஊதா, எங்கே நகர்த்தினாலும் ஊதா. நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக நின்றது. சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக.

ஏகாதசி அன்று நாமத்தின் நடுவில் நாக்கு ருசியைத் தேடிப் போனேன், பகவான் காட்டிவிட்டார் என்றுதான் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். ஐந்துக்கும் ஒரே சாயம், ஒரே எண்ணிக்கை. நாலு சரியாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால் கோளாறு எண்ணிக்கையில் இல்லை. அந்தச் சின்னக் கணக்குப் போட எஸ்.எஸ்.எல்.சி. தேவையில்லை. அது மட்டுமா, சாயம் திரிந்தால் புள்ளி புள்ளியாக, தூசி மாதிரிதான் இருக்கும். இவற்றுக்கு உருவம் இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி, உருண்டையாக. கண் பார்த்தது. என் தப்பை நானே பார்த்துக்கொண்டிருந்ததால் மனசு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

டீச்சரிடம் அப்படியே காட்டியிருக்கலாம். அவர் திட்டுகிற ஆளே இல்லை. ஜபம் செய்து ஸ்டெயின் பண்ணுகிற ஸ்வாமி கெடுத்துவிட்டார் என்று ஒருவர்கூட நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஸ்லைடைக் குழாயில் பிடித்துத் தேய்த்துக் கழுவினேன். ஊதா நிறம் தொட்டியில் ஓடியது. செண்பகம் கணக்கு வகுப்பில் இருந்தாள். அவளை மறுபடி கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். என் விரலைக் குத்திக்கொண்டேன். புது ஸ்லைடு இழுத்து, முழுக் கவனத்தோடு நாமம் சொல்லி, சாயம் ஏற்றி, ஓரத்தில் முப்பத்தொன்று என்று எழுதி வைத்தேன். பிராயச்சித்தம் செய்த மாதிரி மனசு லேசாகிவிட்டது.

மத்தியானம் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். முப்பத்தொன்றாம் எண்ணில் டீச்சர் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பெண்ணின் முகவெளிறல் மனசில் இருந்திருக்க வேண்டும்.

"ஒன்னாந்தரம்" என்றார் நிமிர்ந்து. "எடீ செண்பகமே, ரத்தத்துக்கு ஒரு கொழப்பமும் இல்ல. சோறு தின்னாத்தான் போதும்."

செண்பகம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எம்புட்டு செவப்பா இருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் நல்லாத்தான் இருக்கேன் சாமிண்ணே" என்றாள். நான் ஸ்பிரிட் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றபோது மாடசாமி ஹோட்டல் வாசலிலிருந்து கையெல்லாம் மாவோடு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, எம் மவ ரத்தத்தப் பெரிய கண்ணாடில வச்சுப் பாத்தியளாமே. டீச்சரம்மா நல்லா இருக்குன்னு சொல்லிட்டாவளாம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவலாம்னு மொதலாளிட்ட லீவு கேட்டு வச்சிருந்தேன். இனி வேண்டாம்லா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துகொண்டிருந்தது. பஸ் வந்தது ஒரு காரணமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துச் செண்பகத்துக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகிவிட்டதாம். அந்தச் செய்தியை ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னபோது என் கையில் டீ டம்ளர் இருந்தது. நாற்றங்கால் கண்முன் வந்தது. நாலு சரி, ஒன்று தப்பு என்கிற கணக்கை அன்றுதான் போட்டேன்.

பார்க்கப் போனேன். கோயில் பிரசாதம் எடுத்துப் போனேன். அவளுக்குப் பேச முடியவில்லை. நெற்றியில் சந்தனத்தை வைத்தேன், அவ்வளவுதான். ஓணப் பரீட்சைக்கு முன்பே போய்விட்டாள்.

மாடசாமி பதினாறு கழிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. லேபில் நானும் டீச்சரும் இருந்தோம். வாசற்படியில் நின்றபடியே பேசினார்.

"டாக்டரு கேக்காரு, இத்தன நாளு என்னலே செஞ்சன்னு. பள்ளிக்கூடத்துல பாத்தாவ, நல்லா இருக்குன்னாவன்னு சொன்னேன். அவரு என்னிய ஒரு மாதிரி பாத்தாரு. டீச்சரம்மா, நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. ஒங்களுக்குத் தெரியல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லப்படாதா?"

டீச்சர் எழுந்தார். அலமாரியைத் திறந்து ஸ்லைடுப் பெட்டியை எடுத்தார். முப்பத்தொன்றாம் எண்ணை வைத்து, கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, குனிந்து பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். அவர் கழுத்து வியர்த்துச் சேலை ஓரம் நனைந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஸ்வாமி, இது அந்தக் குட்டியோட ஸ்லைடுதானே?"

மாடசாமியும் என்னைப் பார்த்தார்.

"ஆமா டீச்சர்" என்றேன்.

மாடசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தக் குடும்பம் அடுத்த மாதமே ஊரைக் காலி செய்துவிட்டது. விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. பிள்ளைகளுக்கு இரக்கம் ஏது? டீச்சர் வராந்தாவில் நடந்தால் தூணுக்குப் பின்னாலிருந்து "ஒன்னாந்தரம்" என்று ஒரு குரல் வரும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் அவர் திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். மைக்ராஸ்கோப்பைப் பூட்டச் சொல்லிச் சாவியை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் செல் பாடம் போர்டில் படம் மட்டும்தான். மதிலும் இல்லை, காரணவரும் இல்லை, புத்தகத்தில் இருந்ததை அப்படியே வாசித்தார். நான் பின்னால் நின்று கேட்பதையும் விட்டேன்.

அவர் ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று சங்கல்பம் செய்துகொண்டு, கரமனை ஆற்றில் முழுகி, ஈர வேஷ்டியோடு பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் போனேன். காப்பி கொடுத்தார். பழைய கதையெல்லாம் பேசினார். பிறகு தானாகவே எழுந்துபோய் ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். பஞ்சில் பொதிந்து அந்த ஸ்லைடு. சொந்தமாக ஒரு பழைய மைக்ராஸ்கோப்பும் வாங்கி வைத்திருந்தார்.

"இப்பவும் எடுத்துப் பாப்பேன் ஸ்வாமி. புஸ்தகமெல்லாம் வாங்கிப் படிச்சேன். அது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். இதில அது இல்ல. எங்கயோ இருக்கணும், எனக்குக் காணத் தெரியல. அதாக்கும் சங்கடம்."

இத்தனை வருஷமாக என் ரத்தத்தில் அந்தப் பெண்ணின் வியாதியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று வீட்டில் சாதம் இறங்கவில்லை. அவ்வளவுதான் நான் பட்ட தண்டனை, ஒரு வேளைச் சாப்பாடு.

போன மாதம் சர்க்கரை பார்த்துவிட்டு லேபிலிருந்து வந்த அன்றே எழுத உட்கார்ந்திருப்பேன், மறுபடியும் சுழியோடு நின்றிருப்பேன். ஆனால் நாலு நாள் கழித்துப் பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் டீச்சர் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. என்னையும் யாரோ அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கும்பிடும் கைகளாக வரிசையாக வந்தன. நடுவில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பையன், இப்போது அவனுக்கும் நரைத்திருக்கும், "நம்ம ஒன்னாந்தரம் டீச்சரா?" என்று கேட்டிருந்தான். இன்னொருவர் தெரியாதவர்களுக்காக அந்தக் கதையைச் சொன்னார். ரத்தம் பார்க்கத் தெரியாத டீச்சர், ஒரு பெண்ணின் உயிர் போயிற்று என்று. இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

என் மனைவியிடம் அப்போதுதான் முழுதும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"ஏன்னா, பகவான்ட்ட சொன்னா போறாதா? நாலு பேர் படிச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பா?" என்றாள்.

"பகவானுக்குத்தான் தெரியுமே" என்றேன்.

போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். லேப் இருந்த அறையில் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். செல் அதில் கலர் கலராகச் சுற்றுகிறது. பிள்ளைகள் விரலில் குத்துவது இப்போது கிடையாது, கூடாதென்று உத்தரவாம். நல்லதுதான். கண்ணாடிக் குச்சிகள், தொட்டி, சாயப் புட்டிகள் எல்லாம் எப்போதோ பழைய சாமான்காரனிடம், ஆக்கருக்குப் போயிருக்கின்றன. அட்டெண்டர் என்று ஒரு வேலையே இல்லை. செண்பகத்தின் பெயர் பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கலாம் என்று கேட்டேன். கறையான் தின்றுவிட்டது என்றார்கள். மாடசாமி எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று ஹோட்டலில் யாருக்கும் தெரியவில்லை. ஹோட்டலே இப்போது செல்போன் கடை. டீச்சரின் வீட்டைப் பூட்டிவிட்டு அவர் தம்பி சாவியோடு போய்விட்டார். அந்தத் தகர டப்பா என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வத்ஸலா டீச்சருக்கு ரத்தம் பார்க்கத் தெரியும். அவர் கண்ணில் ஒரு பிழையும் இல்லை. இதைச் சொல்ல இனி மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். எனக்கும் வயசாகிவிட்டது. அதனால் இதைப் படிப்பவர்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த யாரையாவது தெரிந்திருந்தால், இதை அவர்களிடம் சேர்ப்பியுங்கள். வாயால் சொன்னால் வளர்ந்துவிடும், எழுத்தாகவே கொடுங்கள். நீளம் என்று தோன்றினால் வெங்காயத்தை எடுத்துவிடலாம், அம்மா பேச்சை எடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். அதையும் செய்யாதீர்கள். ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்திலும் வைக்கத் தோன்றும். பாவம், வயசான மனுஷன், கடவுள் பக்தி உள்ளவன் என்று எனக்காக இரங்கி, நான் அப்போதே சொல்லிவிட்டதாக யாராவது மாற்றிவிடுவீர்கள். டீச்சர் கேட்டார், நான் "ஆமா டீச்சர்" என்றேன். அது அப்படியே இருக்கட்டும்.